யாண்டபோவில் ஜட்சன்: ஊழியரா, துபாஷியா?

ஏட்டுச்சுவடி:

சென்ற வாரம் ஒரு திருச்சபை மாத இதழில் அதோனிராம் ஜட்சனைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். 1813 முதல் 1850 வரை பர்மாவில் ஊழியம் செய்த அந்த அமெரிக்க மிஷனரியின் மேல் ‘அரசியலின் நிழல்கூடப் படவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. அவருடைய உழைப்பையோ மொழியறிவையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் ஆங்கிலோ-பர்மியப் போரை முடித்துவைத்த யாண்டபோ உடன்படிக்கை 1826 பிப்ரவரி 24 அன்று கையெழுத்தானது. அதன்படி ஆவாவைத் தலைநகராகக் கொண்ட பர்மிய அரசு அரக்கான், தெனாசரிம் என்ற கடற்கரைப் பகுதிகளை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தது. அஸ்ஸாம், மணிப்பூர் மீதான உரிமையைக் கைவிட்டது. ஒரு கோடி ரூபாய் போர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஜட்சன். அதே ஆண்டின் பிற்பகுதியில் கிராஃபர்டு தலைமையில் ஆவாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவிலும் அவரே மொழிபெயர்ப்பாளர். போருக்குப் பிறகு அவர் குடியேறிய இடம் எது? பிரிட்டிஷார் புதிதாகப் பிடித்த தெனாசரிமில், முதலில் ஆம்ஹர்ஸ்ட், பிறகு மோல்மேன். கும்பினிக்காரருக்கு மொழிபெயர்த்து இடைநின்று காரியம் முடித்துக்கொடுக்கும் இப்படிப்பட்டவரை நம் ஊர்ப் பழைய வழக்கில் துபாஷி என்பார்கள். ரங்கூனில் இறங்கிய கும்பினிப் படையில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்ப் பட்டாளங்கள் பல இருந்தன என்பதால், நாமும் இதை யாரோ எவரோ நடத்திய போர் என்று ஒதுக்கிவிட முடியாது.

சாயர்புரத்து ஆசிரியை:

தம்பி, நீங்கள் கதையை 1826இல் தொடங்குகிறீர்கள். அதனால்தான் அவர் துபாஷியாகத் தெரிகிறார். 1812இல் தொடங்கிப் பாருங்கள்.

மனைவி ஆனுடன் அவர் கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களிலேயே, நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டது இதே கும்பினிதான். மொரீஷியசுக்குப் போனார்கள், அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். கும்பினியின் அதிகாரிகள் மீண்டும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில், துறைமுகத்தில் கிளம்பத் தயாராக இருந்த ‘ஜார்ஜியானா’ என்ற கப்பலில் ஏறினார்கள். அது ரங்கூனுக்குப் போகும் கப்பல் என்பதால்தான் பர்மாவுக்குப் போனார்கள். வழியில் ஆனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. கும்பினியிடமிருந்து தப்பி ஓடி, கும்பினியின் கொடி பறக்காத மண்ணுக்குப் போனவரைக் கும்பினியின் ஆள் என்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

அடுத்து, போர். 1824 ஜூனில் ஜட்சனை ஒற்றர் என்று சந்தேகித்துக் கைது செய்தார்கள். அவருக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பணம் வங்காளம் வழியாக, ஆவாவில் இருந்த ஓர் ஆங்கில வணிகரின் கணக்கு மூலம் கைமாறிவந்தது. அந்தக் கணக்கைப் பார்த்த அரண்மனை அதிகாரிகளுக்கு அது ஒற்றுக்கூலியாகத் தோன்றியது. காலில் முதலில் மூன்று இணை விலங்குகள், பிறகு ஐந்து. இரவில் கைதிகளின் கால்களுக்கிடையே ஒரு மூங்கிலை நுழைத்து, தோளும் தலையும் மட்டும் தரையில் படும்படி உயர்த்திக் கட்டுவார்கள். 1825 மே மாதம் ஆங்-பின்-லே என்ற ஊருக்கு வெறுங்காலில் நடத்திச் சென்றபோது, வெயிலில் கொதித்த சரளைக் கற்களில் அவருடைய பாதத்தோல் உரிந்தது. உடன்வந்த வணிகரின் வங்காளி வேலையாள் தன் தலைப்பாகையைக் கிழித்து அவர் காலில் சுற்றிவிட்டார்.

அந்த ஊரில் ஆன் காய்ச்சலில் கிடந்தார், பால் வற்றிவிட்டது. சிறைக்காவலருக்கு அவர் கையூட்டுக் கொடுத்து அனுமதி வாங்க, கைதியான ஜட்சன் கைக்குழந்தை மரியாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், பால்குடி மறவாத பிள்ளை வைத்திருந்த பர்மியத் தாய்மாரிடம் ஒரு வாய்ப் பால் கேட்டார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, மன்னியுங்கள்.

அந்தச் சிறையிலிருந்து அவரை வெளியே எடுத்து மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தது யார்? ஆவா அரசு. பிரிட்டிஷாருடன் பேச நம்பகமான ஆள் இல்லாமல், தன் கைதியையே அது பயன்படுத்தியது. அவர் அந்த வேலைக்கு மனுப் போடவில்லை.

ஏட்டுச்சுவடி:

அம்மா, யாண்டபோவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. கைதியாக இருந்தவரின் விருப்பத்தை அங்கே அளக்க முடியாது. என் முதற்பதிவில் அந்த வேறுபாட்டைக் காட்டாதது பிழை.

ஆனால் கிராஃபர்டு தூதுக்குழுவுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அப்போது அவர் காலில் விலங்கு இல்லை. தானாக ஒப்புக்கொண்டு, பிரிட்டிஷ் தூதரோடு, பிரிட்டிஷ் வணிக உடன்படிக்கை ஒன்றுக்காக ஆவாவுக்குப் போனார். ஏன் போனார்? உடன்படிக்கையில் மத சுதந்திரத்துக்கு ஒரு ஷரத்தைச் சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில். 1820இல் இதே கோரிக்கையோடு அவர் பர்மிய மன்னர் பாஜிடா முன் மண்டியிட்டிருந்தார். மன்னர் மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், உடன் நீட்டிய துண்டுப்பிரசுரத்தின் முதல் சில வரிகளை வாசித்ததும் அதைத் தரையில் எறிந்தார். மண்டியிட்டுக் கேட்டுக் கிடைக்காததை, போரில் வென்றவனின் மேசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்று 1826இல் முடிவு செய்தார் என்பதுதான் என் வாதம். ‘அரசியலின் நிழல்’ என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்த ஷரத்தும் கிடைக்கவில்லை. அவர் ஆவாவில் இருந்தபோதே, 1826 அக்டோபர் 24 அன்று ஆம்ஹர்ஸ்ட்டில் ஆன் இறந்துபோனார். ஆறு மாதத்தில் மரியாவும் போய்விட்டாள். அவர் கொடுத்த விலை பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை பெரிது என்பதால் முடிவு சரியாகிவிடுமா என்பதே கேள்வி.

மோல்மேன் பேரன்:

அண்ணனும் அம்மாவும் உடன்படிக்கையை விட்டு நகர மறுக்கிறீர்கள். என் தாத்தா மோல்மேனில் மர ஆலை ஒன்றில் கணக்கு எழுதியவர். 1964இல் ஒரு தகரப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். ஜட்சனைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அந்த வெள்ளைக்காரர் எழுதிய அகராதி இல்லாமல் எந்த வெள்ளைக்காரனும் பர்மியம் படித்ததில்லை.” நான் அந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன்.

சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதும் மொழி அது. ஒரு பௌத்தப் பண்டிதரிடம் பாடம் கேட்டு, பாளியும் படித்து, 1834 ஜனவரி 31 அன்று விவிலியம் முழுவதையும் பர்மியத்தில் முடித்தார். பிறகு 1840 வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் பர்மியப் புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் வாசிப்பது அந்த மொழிபெயர்ப்பைத்தான்.

அதில் இறைவனைக் குறிக்க அவர் ஆண்ட சொற்களில் ஒன்றைப் பாருங்கள்: ‘தாவர பயா’. ‘பயா’ என்பது பர்மியர் புத்தரையும் பகோடாவையும் குறிக்கும் சொல். முன்னால் உள்ள ‘தாவர’ பாளிச் சொல். அசையாதது, நிலையானது என்று பொருள். நாம் மரஞ்செடிகளைத் தாவரம் என்கிறோமே, வேர் அதுதான். நிர்வாணம் அடைந்து மறைந்த புத்தரல்ல, என்றும் நிலைத்திருக்கும் ‘பயா’ என்று ஒரே அடைமொழியில் பௌத்தத்தோடு வாதிட்டுவிட்டார். தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்று சைவ வாசனையுள்ள சொல்லை எடுத்ததும், பின்னால் வந்தவர்கள் அதை விட்டுத் ‘தேவன்’ என்று மாறியதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். பர்மாவில் அந்த மாற்றம் நிகழவே இல்லை.

இனி, நீங்கள் இருவரும் தொடாதது. ஜட்சன் முக்கியமாகப் பர்மியரிடையேதான் உழைத்தார். ஆறாண்டுகள் கழித்து, 1819இல்தான் மவுங் நாவ் என்ற முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பெருங்கூட்டமாக வந்தவர்களோ பர்மாவின் சிறுபான்மை இனத்தவரான கரேன் மக்கள். கடன் அடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட, முன்னாள் கொள்ளைக்காரரான கோ தா பியூ 1828இல் ஞானஸ்நானம் பெற்று, தம் மக்களிடம் காடு காடாகப் போனார். கரேனுக்கு எழுத்தும் பள்ளியும் மிஷன் மூலம் வந்தன. காலனி ஆட்சி அவர்களைப் படையில் சேர்த்தது. 1949இல் தொடங்கிய கரேன் ஆயுதப் போராட்டத்தின் வேரைத் தேடினால் இங்கும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சாயர்புரத்து ஆசிரியை:

பேரனே, சொல்லாராய்ச்சிக்கு நன்றி. ‘தாவரம்’ என்ற சொல்லை இனி வேறு காதில் கேட்பேன்.

கரேன் பற்றிய வாதத்தில் மட்டும் அவசரம் தெரிகிறது. கரேன் மக்களில் பெரும்பான்மையினர் இன்றும் பௌத்தர்கள். 1994இல் கிறிஸ்தவத் தலைமையை எதிர்த்து பௌத்தப் போராளிகள் தனிப் படையாகப் பிரிந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எழுத்தும் பள்ளியும் பெற்ற ஒரு மக்கள் உரிமை கேட்டால், எழுத்துக் கற்றுக்கொடுத்தவனையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? அந்த அளவுகோலை வைத்தால் நம் நாசரேத்திலும் பாளையங்கோட்டையிலும் பள்ளி திறந்த யாரும் தப்ப மாட்டார்கள்.

ஏட்டுச்சுவடித் தம்பிக்கு: கிராஃபர்டு குழுவோடு போனதை நான் நியாயப்படுத்தவில்லை. அது அவருடைய தவறான கணிப்பு. எனக்குத் தெரிந்து அவரும் அதை மறக்கவில்லை. அந்தப் பணியில் வந்த ஊதியத்தையும் பரிசுப் பொருட்களின் மதிப்பையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் மிஷனிடம் ஒப்படைத்தார். பிறகு பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவ டாக்டர் பட்டத்தைத் துறந்தார். காட்டில் ஒரு குடிசை போட்டு, தமக்கென ஒரு குழியைத் தாமே வெட்டி அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஆன் இறந்த மூன்றாம் ஆண்டு நினைவு நாளில், இறைவன் இருப்பதை நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். இதையெல்லாம் செய்தவரைத் துபாஷி என்ற ஒரு சொல்லில் அடைப்பது எப்படி?

ஏட்டுச்சுவடி:

ஊதியத்தை ஒப்படைத்தது முக்கியமான செய்தி. நான் அதை எடைபோடவில்லை. பணத்துக்காகப் போனார் என்று நானும் சொல்லவில்லை; என்றாலும், துபாஷி என்ற சொல்லில் அந்த வாடை இருக்கிறது என்பதால் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

மற்றதைத் திரும்பப் பெற மாட்டேன். 1826க்குப் பிறகு அவருடைய அச்சகமும் சபையும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த மோல்மேனில்தான் நிலைபெற்றன. அவர் விரும்பிய பாதுகாப்பைத் தந்தது அந்த ஆட்சி. பேரனின் வாதத்தையும் நான் குற்றச்சாட்டாக வாசிக்கவில்லை, விளைவாக வாசிக்கிறேன். ஆனால் ஒன்றை அவருக்கு நினைவூட்ட வேண்டும். 1966இல் வெளிநாட்டு மிஷனரிகளை நெ வின்னின் ராணுவ அரசு வெளியேற்றிய பிறகும் அந்தச் சபைகள் அழியவில்லை. ஆட்சி மட்டுமே அவற்றைத் தாங்கிப் பிடித்திருந்தால், ஆட்சி போன கையோடு அவையும் போயிருக்க வேண்டும்.

இதழாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். ‘அரசியலின் நிழல்கூடப் படவில்லை’ என்ற வாக்கியத்தை மட்டும் திருத்தச் சொல்வேன்.

சாயர்புரத்து ஆசிரியை:

எழுதுங்கள் தம்பி, என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரையை நானும் எடுத்து வாசித்துவிட்டேன். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் படியை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, யாரும் விரும்பி எடுக்காதபடி கரடுமுரடாக்கிச் சிறைக்குள் கொடுத்தனுப்பியதை அது விரிவாகச் சொல்கிறது. சிறைக்காவலர் உறையை உருவிக்கொண்டு உள்ளே இருந்த உருண்டையை எறிந்துவிட்ட பிறகு, அதை ஒரு நினைவுப் பொருளாக எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்தியவர் மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி. அவர் பெயரைக் கட்டுரை சொல்லவே இல்லை. ‘ஒரு வேலைக்காரன்’ என்று மட்டும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.