மண்டபத்துல எடுக்கிற கல்யாண போட்டோல முகம் சாஃப்ட்டா வர மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

திண்டுக்கல்_க்ளிக்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா கல்யாணம் எடுக்கிறேன், போன வாரம் எடுத்த முகூர்த்தத்தைப் பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல. 50 எம்எம் 1.8 லென்ஸ், கேமரா மேலேயே ஃபிளாஷ், நேரா அடிச்சேன். பொண்ணு நெத்தியில வேர்வை பளபளன்னு தெரியுது, மூக்கு நிழல் கருப்பா விழுந்திருக்கு, புடவை ஜரிகை வெளுத்தே போச்சு. லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல கிளாரிட்டியை (ஓரங்களோட அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடர்) மைனஸ் 40 வரைக்கும் இறக்கிப் பார்த்தேன், சாஃப்ட் ஆகல, மங்கலாத்தான் ஆச்சு. பெரிய ஆளுங்க படத்துல மட்டும் முகம் வெண்ணெய் மாதிரி இருக்கே, அது லென்ஸா, ஃபில்டரா? லென்ஸ் முன்னாடி மாட்டி படத்தை மென்மையாக்குற ப்ளாக் ப்ரோ மிஸ்ட் ஃபில்டர் வாங்கலாமா?

கும்பகோணம்_லைட்ஸ்:
தம்பி, ஃபில்டர் அப்புறம் வாங்கலாம், முதல்ல லைட்டைப் பாருங்க. படத்துல நிக்கிற ஆள் இடத்துல இருந்து பார்த்தா லைட் எவ்வளவு பெருசாத் தெரியுதோ அவ்வளவு சாஃப்ட், விஷயம் அவ்வளவுதான். உங்க ஃபிளாஷ் தலை உள்ளங்கை அளவு கூட இல்ல, அதான் நிழல் கத்தி மாதிரி வெட்டுது. சீலிங் வெள்ளையா, தாழ்வா இருந்தா அது மேல அடிச்சு பவுன்ஸ் பண்ணுங்க, ஆனா மேடைக்கு மேல சிவப்புத் துணி கட்டியிருந்தா அந்தச் சிவப்பு அப்படியே முகத்துல இறங்கிடும், அங்க பவுன்ஸ் வேண்டாம். ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்புற 43 இன்ச் வெள்ளைக் குடை ஒண்ணு, ஸ்டாண்டு, ஃபிளாஷைத் தள்ளி வச்சு அடிக்க ஒரு ட்ரிகர் போதும். மேடைக்குப் பக்கவாட்டுல, முகத்தை விட ரெண்டு அடி உசரத்துல, அஞ்சாறு அடி தூரத்துல வைங்க. பத்தடி தள்ளிப் போனா குடையும் சின்ன லைட் மாதிரிதான், வெளிச்சமும் கால்வாசிக்கு வந்துடும். தாலி கட்டுற நேரத்துல சொந்தக்காரங்க மொத்தமும் மேடையில ஏறி நிப்பாங்க, அப்போ ஸ்டாண்டை நகர்த்தவே முடியாது, அதனால விடியக்காலமே ஐயர்கிட்ட ஓமகுண்டம் எந்தப் பக்கம்னு கேட்டு இடத்தைப் பிடிச்சிடுங்க, ஸ்டாண்டு காலுல மணல் மூட்டை கட்டாயம், குழந்தைங்க ஓடும்.

மலர்_ஸ்டுடியோ:
அண்ணன் சொன்னது சரி. நான் ஒண்ணு சேர்த்துக்கிறேன், வேர்வையை எடிட்டிங்ல துடைக்க நினைக்காதீங்க, டிஷ்யூ பேப்பரை பொண்ணோட அக்காகிட்ட குடுத்து அப்பப்போ ஒத்தி எடுக்கச் சொல்லுங்க, தேய்ச்சா மேக்கப் போயிடும். ரா ஃபைல்ல (கேமரா பதியுற மூல ஃபைல்) எடுங்க, ஜரிகையும் நகையும் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை கொஞ்சம் குறைச்சு வச்சு, முகத்தை மட்டும் பிறகு மாஸ்க் போட்டு வெளிச்சமாக்கிக்கலாம். எடிட்டிங்ல கிளாரிட்டியை விட்டுட்டு, நுணுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டெக்ஸ்சரை மைனஸ் 10, 15 மட்டும், அதுவும் தோல்ல மட்டும், கண்ணு, புருவம், பூ எல்லாம் கூர்மையா இருக்கணும்.

இன்னொண்ணு மனசுல இருந்து சொல்றேன், சாஃப்ட் பண்றேன்னு பொண்ணை வெள்ளையாக்காதீங்க. வீட்டுல கேட்பாங்க, "கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி"ம்பாங்க. மாநிறத் தோல்ல பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தா வர்ற அழகு வேற எதுலயும் வராது, அந்தப் படத்தை ஒண்ணு ரெண்டு அவங்ககிட்ட காட்டுங்க, அதுக்கப்புறம் கேட்க மாட்டாங்க.

நெல்லை_ஃப்ரேம்ஸ்:
ப்ரோ மிஸ்ட் வாங்கினா 1/8ங்கிற லேசான வீரியம் போதும். சீரியல் லைட், குத்துவிளக்கு சுத்தி லேசா ஒளிவட்டம் வரும், ரிசப்ஷனுக்கு நல்லாருக்கும். ஆனா ஓமப்புகை எழும்பும்போது கழட்டிடுங்க, புகையே பாதி கான்ட்ராஸ்டைத் தின்னுடும், மேல ஃபில்டரும் இருந்தா படம் பாலாடை போர்த்தின மாதிரி ஆயிடும். மண்டப லைட் மஞ்சளா இருந்தா ஃபிளாஷ்ல ஆரஞ்சு ஜெல் (கலர் பிளாஸ்டிக் தாள்) ஒட்டுங்க, இல்லன்னா முகம் ஒரு கலர், பின்னாடி ஒரு கலர். லைட் மினுக்கி படத்துல பட்டை விழுந்தா ஷட்டரை 1/100 செகண்டுல வைங்க, நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதுல லைட் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும்.

திண்டுக்கல்_க்ளிக்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், குடை நாளைக்கே வாங்கிடுறேன். வீடியோக்காரங்க லைட் நேரா முகத்துல அடிச்சா என்ன பண்றது?

கும்பகோணம்_லைட்ஸ்:
சண்டை போடாதீங்க, காலையில டீ குடிக்கும்போதே பேசிடுங்க. அவரு லைட்டை உங்க குடை இருக்கிற பக்கமே வைக்கச் சொல்லுங்க, முன்னாடி வெளிச்சத்தைப் பரப்புற ஒரு வெள்ளை டிஃப்யூஷன் துணி கட்டச் சொல்லுங்க, சூட்டுல கருகாத துணியா பார்த்து. அவருக்கும் வீடியோ நல்லா வரும்.