சட்டையைத் தூக்கிப் பார்த்த இரவு

மகளுக்கு அப்போது 5 மாதம். மூன்று நாளாக மூக்கொழுகல், லேசான இருமல். காய்ச்சல் பெரிதாக இல்லை, அதனால் அசட்டையாக இருந்துவிட்டேன். அன்று இரவு பாலுக்கு வாய் வைப்பாள், இரண்டு மடக்கில் விட்டுவிடுவாள். சட்டை மாற்றும்போதுதான் கவனித்தேன்: மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, மூக்குத் துவாரம் விரிந்தது. அழுகை அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். 66. (15 நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, கணக்குத் தப்பும்.)

பிராங்கியோலைட்டிஸ் என்றார் மருத்துவர். ஆர்எஸ்வி போன்ற வைரஸால் நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளுமாம். 3 முதல் 5ஆம் நாள் வரை உச்சம். இரண்டு நாள் ஆக்சிஜன், மூக்கில் குழாய் வைத்துப் பால். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. வைரஸிடம் அது பலிக்காது என்று அவர் பொறுமையாகச் சொன்ன பிறகே அடங்கினேன். இருமல் மட்டும் மூன்று வாரம் இழுத்தது.

பதில் 1

எத்தனைக்கு மேல் போனால் பயப்படணும்?

பதில் 2

எங்களுக்குச் சொன்ன கணக்கு: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே வேகமூச்சுதான். ஆனால் நெஞ்சு குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், கிளம்புங்கள்.

எங்கள் கதை வேறு. மகனுக்கு 2 வயது, நடுராத்திரி நாய் குரைப்பதுபோல இருமல். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம். அழ அழச் சத்தம் கூடியது. கரண்டியால் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்கப்போனேன். அதற்கு அப்புறம் மருத்துவரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். அடைப்பு இன்னும் மோசமாகிவிடுமாம். அவன் போக்கிலேயே மடியில் நிமிர்ந்து உட்காரவிட்டுத்தான் கொண்டுபோனோம். குரூப் என்றார்கள், குரல்வளைப் பக்கம் வீங்கி மூச்சுப் பாதை குறுகுவது. வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு வேளை, விடியும்போது எதுவுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தான்.

பதிவிட்டவர்

ஒன்று விட்டுப்போனது. பால் பாதியாகக் குறைந்ததா, 12 மணி நேரமாக டயப்பர் நனையவில்லையா என்பவைதான் மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது மகளுக்கு 3 வயது. சளி பிடித்தால் தூங்கும்போது எண்ணிப் பார்த்துவிடுகிறேன். நேற்று 24. நானும் போய்ப் படுத்துவிட்டேன்.