ஸ்க்ரோல்வியூவில் ஒரு பக்கத்தின் அகலத்தை நாமே வைக்க முடியாதா? ஒவ்வொரு ஸ்வைப்புக்கும் அட்டை நழுவுகிறது

கற்றுக்குட்டி:
வணக்கம். மளிகைக் கடை ஆப் ஒன்றில் சலுகை அட்டைகளைப் பக்கவாட்டில் ஓட விட வேண்டும். மொத்தம் 10 அட்டை. ஒவ்வொன்றும் 300 பாயின்ட் அகலம், நடுவே 15 இடைவெளி. ஒரு அட்டை திரை நடுவில் முழுதாக நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்து அட்டைகள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று டிசைனர் படம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

திரை அகலத்துக்கு ஒரு யுஐஸ்க்ரோல்வியூ (உள்ளே இருப்பதை நகர்த்திப் பார்க்க உதவும் ஐஓஎஸ் பெட்டி) வைத்து, அட்டைகளை உள்ளே அடுக்கி, பேஜிங்கை (ஒவ்வொரு பக்கமாக நிற்க வைக்கும் வசதி) இயக்கினேன். முதல் அட்டை அழகாக நிற்கிறது. ஒரு ஸ்வைப் செய்தால் இரண்டாவது அட்டை இடது ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அடுத்ததில் இன்னும் மோசம். ஐந்தாறு முறை தள்ளினால் எந்த அட்டையில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. பக்க அளவுக்கு என்று ஒரு ப்ராபர்ட்டி இருக்கும் என நினைத்து அரை நாள் தேடினேன்.

சோதிப்பது ஐஃபோன் 6-இல், அகலம் 375 பாயின்ட். ஐஓஎஸ் 12-இலும் ஓட வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை.

பழுப்பேறிய மேக்:
அப்படி ஒரு ப்ராபர்ட்டியே கிடையாது தம்பி, மீதி அரை நாளையும் வீணாக்க வேண்டாம். பேஜிங்கை இயக்கினால் ஒரு பக்கம் என்பது ஸ்க்ரோல்வியூவின் பவுண்ட்ஸ் (அதன் சொந்த எல்லை) அகலம்தான். உங்களுடையது 375. அட்டையும் இடைவெளியும் சேர்த்தால் 315. ஆக ஒவ்வொரு ஸ்வைப்பிலும் 60 பாயின்ட் கூடுதலாக ஓடுகிறது. ஐந்து ஸ்வைப்பில் 300, அதாவது ஏறக்குறைய ஒரு முழு அட்டை.

பக்க அளவை மாற்ற முடியாது, ஆனால் ஸ்க்ரோல்வியூவைச் சுருக்கலாம் அல்லவா? அகலம் 315, எக்ஸ் (இடது ஓரத்திலிருந்து தூரம்) 30, கன்டென்ட்சைஸ் (உள்ளே ஓடும் மொத்தப் பரப்பு) அகலம் 3150 என்று வையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அட்டைக்கு இருபுறமும் ஏழரை பாயின்ட் விடுங்கள். (ஏழரை என்றதும் பயப்பட வேண்டாம், இது நல்ல ஏழரை.) அப்புறம் எல்லைக்கு வெளியே இருப்பதை வெட்டும் கிளிப்ஸ்டுபவுண்ட்ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள். எல்லைக்கு வெளியே இருக்கும் அட்டைகளும் வரையப்படும், இருபுறமும் 22.5 பாயின்ட் தெரியும். திரை அகலத்துக்கு ஒரு கன்டெய்னர் வியூ வைத்து, இதை அதற்குள் போடுங்கள்.

ஆண்டிராய்டு ஆசாமி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஃப்ளட்டரில் (கூகுளின் ஆப் கட்டும் கருவி) பேஜ்கன்ட்ரோலருக்கு, திரையில் ஒரு பக்கம் எடுக்கும் பங்கைச் சொல்லும் வியூபோர்ட்ஃப்ராக்‌ஷன் 0.84 என்று கொடுத்தால் வேலை முடிந்தது. 315-ஐ 375-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 0.84. ஆண்டிராய்டின் காம்போஸ் என்றால் ஹரிசான்டல்பேஜரில் பேஜ்சைஸ் என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது.

பழுப்பேறிய மேக்:
அவர் கேட்டது ஸ்விஃப்ட் (ஆப்பிளின் நிரல்மொழி), நீங்கள் வீட்டையே மாற்றச் சொல்கிறீர்கள். ஆனால் அந்த 0.84 நல்ல யோசனை. தம்பி, 315 என்று எண்ணை அப்படியே எழுதாமல் திரை அகலத்தை 0.84-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஐஃபோன் 5எஸ்-இன் அகலம் 320தான், அதிலும் ஐஓஎஸ் 12 ஓடும். 315 என்றே விட்டால் அங்கே பக்கத்து அட்டை துளிகூடத் தெரியாது.

கற்றுக்குட்டி:
அருமை அண்ணா, இப்போது நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது! ஆனால் ஒரு குறை. எட்டிப் பார்க்கும் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தால் எதுவும் நகரவில்லை. நடுவில் தொட்டால்தான் ஓடுகிறது.

பழுப்பேறிய மேக்:
ஆமாம், சொல்ல விட்டுவிட்டேன். வெளியே வரையப்பட்டாலும், பவுண்ட்ஸுக்கு வெளியே விழும் தொடுதல் அந்த வியூவுக்குப் போகாது. கன்டெய்னரின் ஹிட்டெஸ்ட்டை (தொடுதல் எந்த வியூவுக்கு என்று முடிவு செய்யும் செயல்பாடு) ஓவர்ரைடு செய்து, அதாவது நாமே மாற்றி எழுதி, ஸ்க்ரோல்வியூவைத் திருப்பி அனுப்புங்கள்.

கற்றுக்குட்டி:
செய்தேன். ஓரத்தில் இழுத்தாலும் ஓடுகிறது. ஆனால் அட்டையில் இருக்கும் 'கூடையில் சேர்' பட்டன் செத்துவிட்டது. சலுகை தெரிகிறது, வாங்கத்தான் முடியவில்லை.

தட்டச்சுப் பூனை:
எங்கே தொட்டாலும் ஸ்க்ரோல்வியூவைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பட்டனுக்குப் போக வேண்டிய தொடுதலையும் அது விழுங்கிவிடுகிறது. முதலில் சூப்பரின், அதாவது மாற்றுவதற்கு முந்தைய மூல ஹிட்டெஸ்ட்டைக் கேளுங்கள். விடை கன்டெய்னராகவே வந்தால் மட்டும் ஸ்க்ரோல்வியூவை அனுப்புங்கள், மற்றபடி வந்ததை அப்படியே விடுங்கள்.

என்னைக் கேட்டால் கன்டெய்னரில் கை வைக்கவே மாட்டேன். ஸ்க்ரோல்வியூவை சப்கிளாஸ் செய்து (அதிலிருந்து சொந்தமாக ஒரு வகை உருவாக்கி) பாயின்ட்இன்சைடை (தொட்ட புள்ளி உள்ளே இருக்கிறதா என்று சொல்லும் செயல்பாடு) ஓவர்ரைடு செய்வேன். பவுண்ட்ஸை இன்செட்பை மூலம் டிஎக்ஸ் மைனஸ் 30, டிஒய் 0 என்று விரித்து, புள்ளி அதற்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், ஒரே வரி. ஓரத்தில் எட்டிப் பார்க்கும் அட்டைகூடத் தொடுதலுக்குப் பதில் சொல்லும். அந்த 30-ஐயும் திரை அகலத்திலிருந்து கணக்கிடுங்கள்: மொத்த அகலத்தில் 0.08 பங்கு.

கற்றுக்குட்டி:
பட்டன் உயிர் பெற்றுவிட்டது, நன்றி. ஒரு சந்தேகம்: பேஜிங்கை அணைத்துவிட்டு விரலை எடுக்கும்போது அழைக்கப்படும் ஸ்க்ரோல்வியூவில்எண்ட்டிராகிங் டெலிகேட்டில் டார்கெட்டை (போய் நிற்கும் இடம்) மாற்றலாம் என்று அலுவலக நண்பர் சொன்னார். அது இதைவிட மேலா?

தட்டச்சுப் பூனை:
வழி சரிதான். டார்கெட் ஆஃப்செட்டை (தொடக்கத்திலிருந்து நகர்ந்த தூரம்) பக்க அகலத்தால் வகுத்து, முழு எண்ணாக்கி, திரும்பப் பெருக்க வேண்டும். டிசெலரேஷன்ரேட்டை (விட்ட பிறகு வேகம் குறையும் விதம்) ஃபாஸ்ட் ஆக்க வேண்டும், நார்மல் என்றால் அட்டை சோம்பலாக ஊர்ந்து வந்து நிற்கும். வேகமாகத் தள்ளினால் இரண்டு மூன்று அட்டை தாண்டி ஓடிவிடும், அதைத் தடுக்க இழுக்கத் தொடங்கிய பக்கத்தைக் குறித்து வைத்து, ஒன்றுக்கு மேல் போகாமல் பிடிக்க வேண்டும். அட்டைகள் வெவ்வேறு அகலத்தில் இருந்தால் இந்த வழிதான். உங்களுக்கு எல்லாம் ஒரே அகலம், ஸ்க்ரோல்வியூவின் சொந்தப் பேஜிங் தரும் பிடிப்பை ஏன் விட வேண்டும்?

ஐஓஎஸ் 13 முதல் என்றால் கலெக்‌ஷன்வியூவின் காம்போசிஷனல் லேஅவுட்டில் க்ரூப்பேஜிங்சென்டர்டு என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும். உங்கள் வாடிக்கையாளர் அந்த ஒரு படியில் மாட்டிவிட்டார்.

கற்றுக்குட்டி:
கடைசியாக ஒன்று, கோபிக்க வேண்டாம். கீழே இருக்கும் பேஜ்கன்ட்ரோல் புள்ளிகள் நான்காவது அட்டை வரை சரியாக வருகின்றன. ஐந்தாவது அட்டைக்குப் போனால் புள்ளி நான்கிலேயே நிற்கிறது.

பழுப்பேறிய மேக்:
ஆஃப்செட்டை இன்னும் திரை அகலத்தால் வகுக்கிறீர்கள், சரிதானே? நான்காவது அட்டையின் ஆஃப்செட் 945. 375-ஆல் வகுத்தால் 2.52, முழுமையாக்கினால் 3, தப்பித்துவிடுகிறது. ஐந்தாவது 1260, வகுத்தால் 3.36, அதுவும் 3. ஸ்க்ரோல்வியூவின் பவுண்ட்ஸ் அகலத்தால் வகுங்கள்.

கற்றுக்குட்டி:
அதேதான் அண்ணா! யுஐஸ்க்ரீன் (முழுத் திரை) என்று எழுதி வைத்திருந்தேன். பத்துப் புள்ளியும் இப்போது ஒழுங்காக நகர்கின்றன. டிசைனரிடம் காட்டினேன், இடைவெளியை 12 ஆக்கச் சொல்கிறார்.