ஜிம்மாவில் ஒரு காபி குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எத்தியோப்பியாவுக்கு ஆசிரியர் வேலைக்குப் போன இந்தியர்கள் ஏராளம். அந்நாட்டுப் பேரரசர் ஹைலே செலாசி காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. நானும் அப்படித்தான் ஜிம்மாவுக்குப் பாடம் நடத்தப் போனவன். அந்த ஊர் விருந்தோம்பலைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: அவசர வேலை இருக்கும்போது காபிக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

"நு, புன்னா தெத்து" என்று கூப்பிடுவார்கள். வாங்க, காபி குடிங்க, அவ்வளவுதான். போய் உட்கார்ந்தால் காபிப்பொடிகூடத் தயாராக இருக்காது. தரையில் பச்சைப் புல்லைப் பரப்பியிருப்பார்கள், ஒரு ஓரத்தில் கரியடுப்பு, பக்கத்தில் சாம்பிராணிப் புகை. வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவுவதிலிருந்து எல்லாம் நம் கண்ணெதிரேதான். தட்டையான இரும்புச் சட்டியில் கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்க ஆரம்பித்ததும், சட்டியோடு எழுந்து ஒவ்வொருவர் முன்பும் வந்து நிற்பாள். புகையைக் கையால் நம் பக்கம் தள்ளி முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்புறம்தான் உரலில் இடிப்பது, கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்கவைப்பது, சக்கை அடியில் தங்கட்டும் என்று இறக்கிச் சாய்த்து வைப்பது. அந்தக் கூஜாவுக்கு ஜெபெனா என்று பெயர். சிறு தட்டுமேசையில் பிடியில்லாத கோப்பைகள் நெருக்கி அடுக்கியிருக்கும். உயரத்திலிருந்து நூல் போல விழும் காபி, கோப்பைக்குக் கோப்பை தாவும்போதும் அறுவதில்லை. நடுவில் தட்டில் சிந்தினால் யாரும் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை.

கொறிக்கச் சோளப்பொரி, இல்லாவிட்டால் வறுத்த பார்லி.

முதல் சுற்று அபோல். திக்காக இருக்கும், தலைக்கு ஏறும். அதே சக்கையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் இரண்டாவது, தோனா. மூன்றாவது பரக்கா. அந்தச் சுற்றில் காபி வெளுத்துப்போயிருக்கும், ஆனால் ஆசீர்வாதம் அதில்தான் இருக்கிறதாம். முதல் கோப்பையோடு எழுந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மறுநாள் பார்க்கும்போது, "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்குப் பயந்தே நான் மூன்றாவது வரை உட்காரப் பழகினேன்.

பழகப் பழகத்தான் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. முதல் சுற்றில் நலம் விசாரிப்பது மட்டும்தான்: நீ எப்படி, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, ஊரில் அம்மா எப்படி. பதில் சொன்ன பிறகும் அதே கேள்வி இன்னொரு முறை வரும். இரண்டாவது சுற்றில் மெல்ல ஊர்க்கதை. எங்கள் வளவில் குடியிருந்த இருவருக்குள் தண்ணீர்க் குழாயை வைத்து மனஸ்தாபம். ஒருநாள் இருவரையும் ஒரே காபிக்கு அழைத்திருந்தார் வீட்டுக்கார அம்மா. குழாய் என்ற பேச்சே மூன்றாவது கோப்பை வரை வரவில்லை. வந்தபோது இருவருக்குமே சண்டை போடும் வேகம் போயிருந்தது. நடுவில் மின்சாரமும் போயிற்று. அடுப்புக்கும் பேச்சுக்கும் அது தேவைப்படவில்லை என்பதால் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். "ஆஹா, என்ன நிதானம்" என்று நாம் சொக்கிப்போகும் நேரமெல்லாம் புகைக்குள் உட்கார்ந்திருப்பவர் ஒரு பெண். வறுப்பது, இடிப்பது, ஊற்றுவது, கோப்பை கழுவுவது எல்லாம் அவரே. என் நிதானம் அவர் உழைப்பில்தான் நடந்தது. அதேபோல, அலுவலக வரிசையில் அரைநாள் நிற்பதையும் பண்பாட்டுக் கணக்கில் சேர்த்துப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அது வெறும் தாமதம்.

நேரக் கணக்கும் அங்கே வேறு. பொழுது விடிவதிலிருந்து எண்ணுவதால் நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. யாராவது மூன்று மணிக்கு வரச் சொன்னால் காலை 9 மணியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் கடைசியில் சனிக்கிழமை முற்பகலைக் காபிக்கென்றே ஒதுக்கிவிட்டேன். விடைத்தாள் கட்டு மாலை வரை மேசையிலேயே கிடக்கும்.

சாப்பிடக் கூப்பிட்டால் குர்ஷாவுக்குத் தயாராக இருங்கள். இஞ்சேராவை, அதாவது தோசை போன்ற அவர்களின் புளித்த மாவு அப்பத்தைக் கிள்ளி, குழம்பில் சுருட்டி, நம் வாயில் அவர்களே ஊட்டிவிடுவார்கள். உருண்டை பெரிதாகத்தான் இருக்கும், ஒன்றோடு விடவும் மாட்டார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு இன்னும் பெரிதாக வரும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் வீடுகளில் புதன், வெள்ளி நோன்பு, பாலும் இறைச்சியும் கிடையாது. சைவக்காரர்கள் அந்த நாட்களில் கவலையில்லாமல் கை நீட்டலாம். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை என்றால் ஒரு கிலோ சர்க்கரை வாங்கிப் போங்கள், மூன்று சுற்றுக்கும் அது நிறையவே செலவாகும்.