பழைய எம்ஜிபி: ஆயில் பிரஷர் முள் 20-லேயே நின்றுவிடுகிறது

கொழிஞ்சாம்பாறை65
வணக்கம். வண்டி 1965 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி. ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் ஒரே மீட்டரில் காட்டும் பழைய மாடல் டேஷ்போர்டு. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் முள் ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறுகிறது, வாளையார் தாண்டி கோவை ரோட்டில் நன்றாக மிதித்தாலும் 30 பிஎஸ்ஐக்கு மேல் போவதில்லை, வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகும் 20-ல் அப்படியே நிற்கிறது. ஆயில் அளவு சரி, 20டபிள்யூ-50 தான் ஊற்றியிருக்கிறேன், எஞ்சினில் தட்டல் சத்தமே இல்லை. பட்டறையில் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஆனைமலைக்காரர்
தம்பி, எஞ்சினை இறக்காதீர்கள், அதே சமயம் ஓட்டவும் வேண்டாம். உண்மையான பிரஷர் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். எஞ்சின் பிளாக்கில் மீட்டருக்குப் போகிற ஆயில் டியூபைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பட்டறை கேஜ் ஒன்றை மாட்டி எஞ்சினைச் சூடாக்கிப் பாருங்கள். ஓட்டத்தில் 50 முதல் 80, மிதிக்காமல் ஸ்லோவில் 10 முதல் 25 வந்தால் இந்த எஞ்சினுக்கு அது சரியான அளவு. கேஜை மாட்டும் நிப்பிள் வாங்கும்போது மட்டும் கவனம், இது பிரிட்டிஷ் மரை, மெட்ரிக் நிப்பிளைத் திணித்தால் பிளாக்கில் மரை போய்விடும், அப்புறம் நிஜமாகவே பெரிய செலவுதான்.

வேலந்தாவளம்
அண்ணா சொன்னதோடு இன்னொன்று. பேரிங் தேய்ந்தால் பிரஷர் குறையும், சரி. ஆனால் எஞ்சின் நின்ற பிறகு முள்ளை 20-ல் பிடித்து வைக்க பேரிங்கால் முடியாது. ஒன்று மீட்டர் உள்ளே சிக்குகிறது, இல்லையென்றால் டியூபில் பிரஷர் அடைபட்டு நிற்கிறது. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சினை அணைத்து, முள் 20-ல் நிற்கும்போதே மீட்டருக்குப் பின்னால் ஆயில் டியூப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், கீழே ஒரு துணி பிடித்துக்கொள்ளுங்கள். முள் சட்டென்று 0-க்கு விழுந்தால் கோளாறு டியூபில். அசையாமல் நின்றால் மீட்டருக்குள் இருக்கிற வளைந்த பித்தளைக் குழாயோ, முள்ளைத் திருப்பும் பல்சக்கரமோ போய்விட்டது.

மீட்டரை வெளியே இழுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சூடு காட்டும் மெல்லிய குழாய் மீட்டரோடு ஒட்டியது, உள்ளே ஈதர் அடைத்துச் சீல் வைத்திருக்கும். மடிந்தாலோ வெட்டுப்பட்டாலோ அந்தப் பாதியும் போச்சு. கழற்றியே ஆகவேண்டும் என்றால் எஞ்சின் ஹெட்டில் செருகியிருக்கிற அந்தக் குழாயின் முனையை, சூட்டை உணரும் பல்பை, அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை65
இரண்டையும் செய்து பார்த்தேன். நட்டைத் தளர்த்தியதும் சில சொட்டு கறுப்பு ஆயில் வந்தது, முள் உடனே 0-க்கு இறங்கிவிட்டது! பிளாக்கில் கேஜ் மாட்டினால் சூட்டில் ஸ்லோவில் 20, மிதித்தால் 60. எஞ்சின் தெம்பாகத்தான் இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வராத குறை. பிளாக்கிலிருந்து செம்புக் குழாய்க்குப் போகிற ரப்பர் ஹோஸை அறுத்துப் பார்த்தால் உள்சுவர் ஊறி வீங்கி, ஓட்டை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பிரஷர் போவதும் திரும்புவதும் அதனால்தான் அவ்வளவு மெதுவாக நடந்திருக்கிறது.

ஆனைமலைக்காரர்
நல்லது தம்பி. புது ஹோஸ் ஆயில் தாங்கும் ஹைட்ராலிக் வகையாக இருக்கட்டும், பெட்ரோல் ஹோஸைப் போட்டு கிளிப் அடிக்க வேண்டாம். அது ஓட்டத்தில் வெடித்தால் சம்ப்பில், அதாவது எஞ்சின் அடித் தொட்டியில், இருக்கிற ஆயில் முழுக்க ரோட்டில்தான். செம்புக் குழாயையும் காற்றடித்துச் சுத்தம் பண்ணிவிடுங்கள். மீட்டர் பக்கத்து நட்டுக்குள் சின்னத் தோல் வாஷர் ஒன்று இருக்கும், காய்ந்து போயிருந்தால் மாற்றுங்கள், ஆனால் அளவாக இறுக்குங்கள். அதிகம் நசுக்கினால் தோல் பிதுங்கித் துளையை மூடிவிடும், திரும்பவும் இதே 30-ல் வந்து நிற்பீர்கள்.