உதவி: கடை லெப்டொப்புக்கு எந்த எஸ்எஸ்டி நல்லது? அவசரம்

தலவாக்கலை_கம்யூனிகேஷன்
வணக்கம். கடை லெப்டொப் படு ஸ்லோ. காலைல ஒன் பண்ணிட்டு டீ குடிச்சு முடிச்சாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ஸ்கூல் ஃபோம் அடிக்க ஆள் வரிசைல நிக்குது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சிப்லயே சேமிக்கிற எஸ்எஸ்டி போட்டா சரியாகும்ங்கிறாங்க. டவுன்ல என்விஎம்இங்கிற வகை 1 டிபி 22 ஆயிரம், செக்கனுக்கு 3500 எம்பி ஓடுமாம். ஒன்லைன்ல 2 டிபி 8 ஆயிரத்துக்கே கிடக்கு. எது எடுக்கலாம்? நாளைக்கே வாங்கணும்.

பதுளை_பாலா
லெப்டொப் என்ன மொடல்?

மஸ்கெலியா_மழை
மொடல், ரேம், இப்ப உள்ள ஹார்ட் டிஸ்க். மூணும் சொல்லுங்க தம்பி.

மதர்போர்ட்_மாமா
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறது. மேலே தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது, அது அழகுக்கு வைத்ததல்ல. என்விஎம்இ என்றால் என்ன, சாட்டா என்றால் என்ன என்று தெரியாமல் 22 ஆயிரம் கொடுக்கப் போகிறவருக்கு நான் என்ன சொல்வது?

பண்டாரவளை_பையன்
8 ஆயிரத்துக்கு 2 டிபியை மட்டும் தொட்டுடாதீங்க. உள்ள 64 ஜிபி சிப்ப வச்சுட்டு 2 டிபின்னு காட்டுற மாதிரி ஃபேர்ம்வெயரை (டிரைவுக்குள்ள இருக்கற புரோகிராம்) மாத்தி விடுவாங்க. கொப்பி ஆகுற மாதிரியே இருக்கும், அறுபது ஜிபி தாண்டுனதும் பழைய ஃபைல் மேலயே எழுதும். படம் பேரு இருக்கும், திறந்தா ஒண்ணும் இருக்காது. இனி யாராவது வாங்கிட்டீங்கன்னா எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற சொஃப்ட்வெயரை ஓட்டிப் பாருங்க, முழுக்க எழுதி முழுக்க வாசிச்சு உண்மையைச் சொல்லிடும்.

நுவரெலியா_நிலா
எஸ்எஸ்டி எல்லாம் நம்ம குளிருக்கும் பனிக்கும் நிக்காது. எங்க பக்கத்து வீட்டு அண்ணேட கெமரா லென்ஸே பூஞ்சணம் புடிச்சுப் போச்சு.

பதுளை_பாலா
லென்ஸும் எஸ்எஸ்டியும் ஒண்ணா நிலா? பொதுவா பெட்டிலயே 0 முதல் 70 பாகைன்னு போட்டிருப்பான். உங்க ஊர்ல கடைக்குள்ள 0க்கு கீழ போனா லெப்டொப்ப விட ஆளைத்தான் முதல்ல பாக்கணும். குளிர்ல கிடந்ததை அடுப்படிக்குக் கொண்டுபோய் உடனே ஒன் பண்ணாம இருந்தா போதும்.

நுவரெலியா_நிலா
சரி, அப்போ இங்க ஹார்ட் டிஸ்க் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகுது? உயரம் கூடுனா காத்து மெல்லிசு. உள்ள வாசிக்கிற ஹெட் தட்டுக்கு மேல காத்துலதானே மிதக்குது.

தலவாக்கலை_கம்யூனிகேஷன்
நான் தம்பி இல்ல அண்ணே, தங்கச்சி 😄 ஸ்டிக்கர்ல ப்ரொசசர் ஐ3-4005யூன்னு இருக்கு. ரேம் 4 ஜிபி. ஹார்ட் டிஸ்க் 500. டிவிடி போடுற இடமும் இருக்கு.

மஸ்கெலியா_மழை
மன்னிச்சுக்கோ தங்கச்சி. அப்ப கதையே வேற. அது 2013ல வந்த இன்டெல் நாலாம் தலைமுறை. என்விஎம்இங்கிறது மதர்போர்ட்லயே நேரா சொருகுற வேகமான எஸ்எஸ்டி, அந்தக் கால லெப்டொப்ல அதைப் போட பெரும்பாலும் இடமே இருக்காது. இருக்கறது ஹார்ட் டிஸ்க் மாட்டுற 2.5 இஞ்ச் சாட்டா பெட்டி. சாட்டால மேல போனா செக்கனுக்கு 550 எம்பிதான். 3500ன்னு கடைக்காரர் சொன்னது பொய் இல்ல, ஆனா உன் மெஷினுக்குச் சம்பந்தமே இல்லாத உண்மை.

அதுக்காக வருத்தப்பட வேணாம். விண்டோஸ் திறக்கிறப்போ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைத் தேடி எடுக்குது. ஹார்ட் டிஸ்க்கால செக்கனுக்கு நூத்துச் சொச்சம் தடவைதான் அப்பிடித் தேட ஏலும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பல்லாயிரம் தடவை தேடும். உனக்கு வித்தியாசம் தெரியப் போறது அங்கதான்.

மதர்போர்ட்_மாமா
வேகத்தை மட்டும் பேசிப் பயனில்லை. டிரேம் (டிரைவுக்குள் உள்ள சிறிய வேக நினைவகம்) உள்ளதா, சிப் வகை டிஎல்சியா கியூஎல்சியா என்று பாருங்கள். டிஎல்சி ஒரு செல்லில் 3 பிட் வைக்கிறது, கியூஎல்சி 4 பிட் திணிக்கிறது, தேய்மானம் அதிகம். ஒரே கம்பனியிலேயே பாருங்கள்: டிஎல்சியான சாம்சங் 870 ஈவோ 1 டிபி 600 டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்ற உத்தரவாத அளவு), 5 வருட வொரண்டி. கியூஎல்சியான 870 கியூவிஓ 1 டிபி 360, 3 வருடம். கியூஎல்சி வாங்குவது சல்லியைக் கரைப்பது.

பதுளை_பாலா
மாமா, ஃபோம் அடிக்கிற கடைக்கு 600 டிபி எதுக்கு? கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுனாலும் (எழுத மாட்டாங்க) வருசத்துக்கு 7.3 டிபி. 120 டிபிடபிள்யூ போட்ட சின்ன டிரைவே 16 வருசம் தாண்டும். அதுக்குள்ள லெப்டொப்ல கீபோர்டே இருக்காது. எழுதி எழுதித் தேஞ்சு செத்த எஸ்எஸ்டிய நான் இன்னும் பாக்கல. என்கிட்ட வர்றதெல்லாம் கொன்ட்ரோலர் (டிரைவை நடத்துற சிப்) போனது, திடீர்னு ஒன் பண்றப்போ முதல்ல வர்ற பயோஸ்லயே காட்டாம போறது.

மதர்போர்ட்_மாமா
அது உங்கள் அனுபவம். தரவு என்பது வேறு.

பண்டாரவளை_பையன்
ரெண்டு பேரும் சண்டை போடாம, அந்த அக்காவுக்கு வாங்க வேண்டியதைச் சொல்லுங்க.

ஹட்டன்_ஸ்டேஷன்
கொழும்பு யூனிட்டி பிளாசால எடுங்க, ரெண்டு மூணு ஆயிரம் மிச்சம்.

பண்டாரவளை_பையன்
மிச்சம் சரி. வொரண்டிக்கு யாரு போறது? ட்ரெய்ன்ல ஒரு நாள், கடைல "விட்டுட்டுப் போங்க, ரெண்டு கிழமைல பாக்கலாம்", திரும்ப எடுக்கப் போக இன்னொரு நாள். அந்த மூவாயிரம் சாப்பாட்டுக்கே போயிடும்.

ஹட்டன்_ஸ்டேஷன்
நான் பார்சல்ல அனுப்பித்தான் மாத்துனேன். எல்லாக் கடையும் அப்பிடி இல்ல.

நுவரெலியா_நிலா
உயரத்தைப் பத்தி யாரும் பதில் சொல்லலையே?

பதுளை_பாலா
சொல்றேன். ஹெட் காத்துல மிதக்குறது உண்மைதான். ஆனா சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு கம்பனிக்காரன் கொடுக்கிற எல்லை 3000 மீற்றர் சொச்சம். நுவரெலியா 1868. பிதுருதலாகலை உச்சில கொண்டுபோய் வச்சாலும் 2524தான். இலங்கைல அந்தப் பிரச்சினை வர இடமே இல்ல. இங்க டிஸ்க் போறது இடி மின்னலாலயும், கரண்ட் போய்ப் போய் வர்றதாலயும்.

தலவாக்கலை_கம்யூனிகேஷன்
கரண்ட்னு சொன்னதும்தான் ஞாபகம் வந்துச்சு. பெட்டரி போய் ரொம்ப நாளாச்சு, கழட்டி வச்சுட்டேன். ப்ளக்லதான் ஓடுது. மேல் கொத்மலை 150 மெகாவொட் மின்சாரத்துக்குத் தண்ணி நம்ம டவுன் அணைல இருந்துதான் எடுக்கிறாங்க, நம்ம கடைல மழை தூறுனாலே லைட் போகுது.

மஸ்கெலியா_மழை
இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா! ஒவ்வொரு தடவை கரண்ட் போறப்பவும் டிஸ்க் எழுதிக்கிட்டு இருக்கற நடுவுல அறுந்து போகுது. எஸ்எஸ்டியும் இதுக்கு விதிவிலக்கு இல்ல. எது எங்க இருக்குன்னு ஒரு அட்டவணைய அது உள்ள வச்சுக்கிட்டுத்தான் வேலை செய்யுது, அது பாதி எழுதுன நிலைல நின்னா முழு டிரைவுமே காணாமப் போகலாம். கரண்ட் போனாலும் எழுதி முடிக்கற அளவுக்குச் சக்திய வச்சிருக்கற கெப்பாசிட்டர் எல்லாம் சர்வர் டிரைவ்லதான் ஒழுங்கா இருக்கும். பெட்டரி மாத்து, இல்லன்னா சின்ன யூபிஎஸ் ஒண்ணு வை.

இன்னொண்ணு. டிஸ்க்கோட நிலைமையக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சொஃப்ட்வெயரைப் போட்டுப் பாரு. என்ன நிறம் காட்டுது?

தலவாக்கலை_கம்யூனிகேஷன்
மஞ்சள். 05ங்கிற வரிசைலயும் சி5ங்கிற வரிசைலயும் மஞ்சள் புள்ளி.

மஸ்கெலியா_மழை
05 வந்து கெட்டுப்போய் ஏற்கனவே மாத்தி வச்ச இடம். சி5 இப்ப வாசிக்கத் திணறுற இடம். லெப்டொப் ஸ்லோ இல்ல தங்கச்சி, டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கு. வாசிக்க முடியாத இடத்துல திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுது, அதான் வட்டம் சுத்துது. எஸ்எஸ்டி அப்புறம். இப்பவே ஆளுங்களோட ஃபைல், ஐடி படம், கடைக் கணக்கு எல்லாத்தையும் வேற ஒண்ணுல கொப்பி பண்ணு. க்ளோன் (முழு டிஸ்க்கையும் அப்பிடியே பிரதி எடுக்கறது) போடாத, பாதில நிக்கும். விண்டோஸைப் புதுசாவே ஏத்து.

மதர்போர்ட்_மாமா
ரேமையும் 8 ஆக்குங்கள். டிடிஆர்3எல் வகை, குறைந்த வோல்டேஜைக் குறிக்கும் அந்த 'எல்' முக்கியம். மேலும் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, இந்த ப்ரொசசருக்கு 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இந்த மெஷினில் பெரிய முதலீடு புத்திசாலித்தனம் அல்ல.

பதுளை_பாலா
மாமா சொன்னதுல இந்தக் கடைசி வரி நூத்துக்கு நூறு. அதனாலதான் சொல்றேன்: 480 அல்லது 500 ஜிபி, 2.5 இஞ்ச் சாட்டா, தெரிஞ்ச பிராண்ட், குறைஞ்சது 3 வருச வொரண்டி, பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்கணும். டிரேம் உள்ளது கிடைச்சு விலை ரெண்டாயிரத்துக்குள்ள கூடுனா எடுங்க, இல்லாட்டி விடுங்க. 22 ஆயிரத்துல மிஞ்சுறத பெட்டரிக்குப் போடுங்க. நாளைக்கு வேற லெப்டொப் வாங்குனா இதே எஸ்எஸ்டிய சின்ன கேஸ் ஒண்ணுல போட்டு பேக்கப்புக்கு வச்சுக்கலாம்.

போடுறப்போ ஒண்ணு: எஸ்எஸ்டி 7 மில்லிமீற்றர் தடிப்பு, பழைய டிஸ்க் 9.5 ஆ இருந்தா கொஞ்சம் ஆடும். கூட வர்ற பிளாஸ்டிக் சட்டத்தை தூக்கிப் போட்டுடாதீங்க.

நுவரெலியா_நிலா
3000 மீற்றர்ங்கிறது புது டிஸ்க்குக்கு. பழசுக்கு?

பதுளை_பாலா
பழசுக்கும்தான் நிலா.

தலவாக்கலை_கம்யூனிகேஷன்
போட்டாச்சு. 480. சும்மா பறக்குது. ஃபைல் எல்லாம் எடுத்துட்டேன், ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கல. பெட்டரி ஓடர் பண்ணியிருக்கேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. இப்ப பிரின்டர் டிரைவர் ஏற மாட்டேங்குது, அதுக்கு வேற போஸ்ட் போடுறேன்.

ஹட்டன்_ஸ்டேஷன்
எந்த பிராண்ட், எங்க, எவ்வளவுக்கு? நானும் ஒண்ணு வாங்கணும்.

ஹட்டன்_ஸ்டேஷன்
அக்கா??

மதர்போர்ட்_மாமா
பிரின்டர் மொடல் நம்பரையாவது இந்தத் தடவை முதலிலேயே போடச் சொல்லுங்கள்.