பொருள்: வேனில் வைக்கும் இரண்டாவது பேட்டரிக்குப் பெயர் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

கரூரிலிருந்து, செவ்வாய் காலை

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் வயரிங் பழகும் பையன்களுக்கு நான் வகுப்பெடுப்பது சிலருக்குத் தெரிந்திருக்கும். இப்போது உணவு வண்டி ஆர்டர்கள் நிறைய வருகின்றன. வேனுக்குள் சின்ன ஃபிரிட்ஜ், நாலு விளக்கு, புகையை இழுக்கும் ஃபேன், பில் போடும் பிரிண்டர். இவற்றை வண்டியின் பேட்டரியில் கொடுக்காமல் இரண்டாவதாக ஒரு பேட்டரி வைத்து அதில் கொடுக்கிறோம். அந்த இரண்டாவது பேட்டரிக்குத்தான் பெயர் கேட்டு வந்திருக்கிறேன். இரண்டு பக்கக் குறிப்புத்தாளிலும் பேட்டரிப் பெட்டியின் ஸ்டிக்கரிலும் அந்தப் பெயர் வரவேண்டும். ஸ்டிக்கரின் அகலம் 10 செ.மீ. வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போகிறது.

சென்ற முறை 'துணை மின்கலம்' என்று போட்டேன். ஒரு பையன் ஃபிரிட்ஜ் வயரைக் கொண்டுபோய் எஞ்சின் பேட்டரியில் மாட்டிவிட்டான். இரவு முழுக்க ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது, பேட்டரியும் பழசு. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. மாவு, சட்னி, இருபது கிலோ வெங்காயம் எல்லாம் ஏற்றிய வண்டியை ஐந்து பேர் தள்ளினோம். பையனைக் கேட்டால், "சார், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்துற பேட்டரி எல்லாமே துணை மின்கலம்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்? ரெண்டுமே துணைதானே சார்?" என்கிறான். பாடநூலைப் புரட்டினேன். அவன் சொன்னதுதான் சரி. டார்ச் செல் முதன்மை, கார் பேட்டரி துணை. அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது, திரும்ப வாங்க முடியாது.


பாளையங்கோட்டையிலிருந்து, செவ்வாய் மதியம்

அன்புத் தம்பிக்கு,

கவலை வேண்டாம். ஔவை ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டாள். புறநானூறு 102. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், வழியில் என்ன ஆகுமென்று யார் கண்டது? அதனால் உமணர், அதாவது உப்பு வணிகர், வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு'. அதியமான் மகன் பொகுட்டெழினி அந்த அச்சைப் போன்றவன் என்கிறாள். வண்டி, பாரம், அடியில் கட்டிய இரண்டாவது பொருள், உங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சேம மின்கலம் என்று வையுங்கள். ஸ்டிக்கரில் இடம் போதாதென்றால் சேமக்கலம்.


சென்னையிலிருந்து, செவ்வாய் மாலை

பாளை ஐயாவுக்கு வணக்கம். பாட்டைப் படித்ததும் சிலிர்த்தது, 'சேமக்கலம்' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். எங்கள் தெருவில் சாவு எடுக்கும்போது சங்கு ஊதிக்கொண்டே தட்டுவார்களே ஒரு வெண்கலத் தட்டு, அதற்குப் பெயர் சேமக்கலம். இட்லி விற்கும் வண்டியில் அதை எழுதி ஒட்டினால் கரூரில் யார் வந்து சாப்பிடுவார்கள்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சேம அச்சு என்பது ஸ்டெப்னி. முதல் அச்சு முறியும் வரை அது சும்மா கிடக்கும். (ஸ்டெப்னி என்பதே ஓர் ஊர்த்தெருவின் பெயர்தான். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப்பெயர் நம் ஊர் பஞ்சர் கடை வரைக்கும் வந்துவிட்டது. நாம் இங்கே ஔவையைத் துணைக்கு அழைக்கிறோம்.) கரூர் வண்டியின் இரண்டாவது பேட்டரி தினமும் உழைக்கிறது. சும்மா இருப்பதற்குத்தான் சேமம் பொருந்தும்.


யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் இரவு

அன்பர்களுக்கு வணக்கம். பெயருக்கு முன்னொட்டுத் தேடுமுன் பெயரையே சரியாகச் சொல்லுவோம். மின்கலம் என்பது ஒற்றைக் கலம். ஈய அமிலப் பற்றரி ஒன்றுக்குள் ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட், ஆகக் கூடி 12. எனவே மின்கலவடுக்கு. கலம் + அடுக்கு, மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வரும். மரம் + அடி மரவடி ஆவதுபோல. மின்கல அடுக்கு என்று பிரித்து எழுதுவோரும் மின்கலம் என்றே விட்டுவிடுவோரும் தமிழ்நாட்டில் அதிகம். ஆங்கிலச் சொல்லும் முதலில் பீரங்கி வரிசையைத்தான் குறித்தது. பெஞ்சமின் பிராங்கிளின் 18ஆம் நூற்றாண்டில் லெய்டன் சாடிகளை, அதாவது மின்னூட்டம் சேர்த்துவைக்கும் கண்ணாடிச் சாடிகளை, வரிசையாக இணைத்துவிட்டு அந்தப் பெயரை வைத்தார். அவர் வரிசை என்றதை நாம் ஏன் ஒற்றையாக்க வேண்டும்?


கோவையிலிருந்து, புதன் காலை

யாழ்ப்பாணத்து அண்ணா, 'மின்கலவடுக்கு' 10 செ.மீ.யில் அடங்கும், பையன் வாயில் அடங்காது. நான் பேட்டரிக் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒருத்தர்கூட மின்கலம் கொடு என்று கேட்டதில்லை. டார்ச்சுக்கு 'மூணு கட்டை', வண்டிக்கு 'பேட்டரி', வீட்டுக்கு 'யூபிஎஸ் பேட்டரி'. ஒற்றைக்கு வரிசைக்கு என்ற கணக்கெல்லாம் 'கட்டை'யிலேயே வந்துவிட்டது, யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை.

பெயர் வைக்கிறவர்கள் சாமானைப் பார்த்துவிட்டு வைக்கட்டும். எஞ்சின் பேட்டரியைப் பிளந்து காட்டினால் உள்ளே தகடு மெலிசாக, நெருக்கமாக, நிறைய இருக்கும். செல்ஃப் அடிக்கும் இரண்டு மூன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். எடுத்ததை டைனமோ உடனே நிரப்பிவிடும். (ஆல்டர்னேட்டர்தான், நாங்கள் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.) அதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் மாட்டி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால், சீக்கிரமே தகடு நொந்துவிடும். இரண்டாவது பேட்டரிக்குத் தகடு தடிமன். மெதுவாகக் கொடுக்கும், நெடுநேரம் கொடுக்கும், பாதி வரை இறங்கினாலும் தாங்கும். ஆக 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவதில் ஒன்றும் இல்லை. ஒன்று அடிக்கிற பேட்டரி, ஒன்று உழைக்கிற பேட்டரி.


பாளையங்கோட்டையிலிருந்து, புதன் காலை

கோவைத் தம்பி சொன்னதைக் கேட்டபோது 'சலத்தால் பொருள்செய்தே மார்த்தல் பசுமண், கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று' என்ற குறள் நினைவுக்கு வந்தது. சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றிக் காப்பது. தப்பான பேட்டரியில் சார்ஜ் ஏற்றுவதை இதைவிட எவரும் சொல்லிவிட முடியாது. கலம் பாத்திரம், கலம் மரக்கலம், கலம் அணிகலன், கலம் அளவும்தான். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். உங்கள் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்! இப்படிப்பட்ட சொல்லைத் தூக்கிவிட்டு 'பேட்டரி' என்று எழுதச் சொல்வதற்குக் கலைச்சொல் குழுமம் எதற்கு?


சென்னையிலிருந்து, புதன் மதியம்

ஐயா, லாரிக்கு 24 வோல்ட். அப்போது அதற்கு இரண்டு கலம் நெல்லா?


யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மாலை

எங்களிடம் 'பற்றரி' என்று எழுதுவதால் எங்கள் தமிழாசிரியர் ஒருவர் அதற்கும் வேர் கண்டுவிட்டார். பற்று + அரி. பற்றை அரிவது, அதாவது துறவி. சார்ஜ் முழுவதும் இறங்கிய நிலைக்கு அது பொருந்தும்.


கரூரிலிருந்து, வியாழன் காலை

எல்லோருக்கும் நன்றி. நாளை வெள்ளி.

இன்னொரு சொல்லும் வேண்டும், அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலே வைக்கிறோம். எஞ்சின் ஓடி வோல்டேஜ் சுமார் 13.3-ஐத் தாண்டினால் அது இரண்டையும் சேர்க்கும், டைனமோ இரண்டுக்கும் ஊட்டும். எஞ்சினை அணைத்து வோல்டேஜ் 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் எவ்வளவு உறிஞ்சினாலும் எஞ்சின் பேட்டரி தப்பித்துக்கொள்ளும். தாளில் 'பிரிப்பான்' என்று போட்டிருக்கிறேன். "இது சேர்க்கவும் செய்யுதே சார்?" என்று அதே பையன் கேட்கிறான்.


பாளையங்கோட்டையிலிருந்து, வியாழன் காலை

அந்தப் பையனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். மேல்குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்கு வரும். வடக்கே கலிங்கு என்பார்கள். முதல் பேட்டரி நிறைந்தபின் இரண்டாவதற்குப் பாய்கிறது, அதேதான் இது. அப்படியானால் இரண்டாவது மறுகால் மின்கலம், நடுவில் இருப்பது மறுகால் ரிலே. சேமத்தை நான் கைவிடவில்லை, இதைக் கூடுதலாகத் தருகிறேன்.


கோவையிலிருந்து, வியாழன் மதியம்

மறுகால் அருமையான சொல் ஐயா. ஆனால் மறுகாலில் போன தண்ணீர் திரும்பி வராது. ஒருவழி. அது டயோடுக்குப் பொருந்தும். பழைய வண்டிகளில் டயோடு வைத்துத்தான் பிரிப்பார்கள், போகும் வழியில் 0.7 வோல்ட் போல விழுங்கிவிடும். ரிலே சேர்ந்திருக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் ஓட்டம் உண்டு. அதனால் மடை. திறந்தால் திறக்கும், அடைத்தால் அடைக்கும். மடை ரிலே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சில புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை வண்டியின் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது. ஓடும்போதே 13-க்குக் கீழே போய்விட்டால் இந்த ரிலே குழம்பிவிடும். லித்தியம் பேட்டரி என்றாலும் நேரே சேர்க்கக் கூடாது, அது ஒரே மூச்சில் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். அதற்கு நடுவில் டிசி டு டிசி சார்ஜர் வைக்க வேண்டும். கீழே கிடக்கும் வோல்டேஜை மேலே தூக்கி ஊற்றுவதால் அதை மடை என்று சொல்ல முடியாது, ஏற்றம். கிணற்றில் கட்டுவோமே, அது.


சென்னையிலிருந்து, வியாழன் மதியம்

சார்ஜ் ஏற்றுவதை மின்னேற்றம் என்று முப்பது வருடமாக எழுதுகிறோம். அதற்குள் கிணற்று ஏற்றம் ஒளிந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கோவை அண்ணாவுக்கு ஒரு காபி என் கணக்கில்.

பெயருக்கு வருவோம். பரணில் இருக்கும் பாத்திரத்தையும் அன்றாடம் எடுக்கும் பாத்திரத்தையும் என் அம்மா பிரித்துத்தான் சொல்லுவார். இரண்டாவதற்கு 'புழங்குற பாத்திரம்' என்பார். அண்ணா சொன்ன 'உழைக்கிற பேட்டரி' அதுதான். புழங்கு பேட்டரி. இன்னொன்று வண்டியைக் கிளப்புவது, கிளப்பு பேட்டரி.


பாளையங்கோட்டையிலிருந்து, வியாழன் மாலை

'புழங்கு பேட்டரி' வினைத்தொகை. ஊறுகாய் போல மூன்று காலத்துக்கும் வரும். நடுவில் ப் போட்டுவிடாதீர்கள். இலக்கணம் குறைவில்லை, பிற்பாதிதான் பிறமொழி. கிளப்பு பேட்டரிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. எங்கள் காலத்தில் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர் கிளப்பு. காபி கிளப்பு. உணவு வண்டியில் 'கிளப்பு பேட்டரி' என்று எழுதினால் பெரியவர் ஒருவர் அதைக் கடைக்கான பேட்டரி என்று எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜை அதில்தான் மாட்டுவார்.


கரூரிலிருந்து, வியாழன் இரவு

ஐயா, அது நடந்தேவிடும். எங்கள் ஃபோர்மேனுக்கு அறுபத்தெட்டு வயது.

'செல்ஃப் பேட்டரி' என்று போட்டுவிடுகிறேன். செல்ஃப் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்டிக்கர் 1: செல்ஃப் பேட்டரி, வேறு எதையும் மாட்டாதே. ஸ்டிக்கர் 2: புழங்கு பேட்டரி, ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன், பிரிண்டர். நடுவில் மடை ரிலே. தாளுக்குள் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் மின்கலவடுக்கு என்று யாழ்ப்பாணத்து அண்ணர் பொருட்டு எழுதுகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.


யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி காலை

ஆட்சேபம் உண்டு, ஆனால் களைத்துவிட்டேன். புழங்கு சரி.


கோவையிலிருந்து, வெள்ளி காலை

புழங்கு சரி. மடைக்கு என் பெயர் போடத் தேவையில்லை. இரண்டு பேட்டரியின் பிளஸ் முனைப் பக்கத்திலும் ஃபியூஸ் இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு விடுகிறார்கள். நடுக்கேபிளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் வரும் என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள், பெயரைவிடப் பெரிதாக.


பாளையங்கோட்டையிலிருந்து, வெள்ளி காலை 9.55

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். பதிவில் மட்டும் இருக்கட்டும், என் வாக்கு சேம மின்கலத்துக்கு. சாவு வீட்டில் தட்டுவதால் ஒரு சொல் செத்துவிடாது.


கரூரிலிருந்து, சனி மாலை

ப்ரூஃப் வந்திருக்கிறது. ஸ்டிக்கர் 2-இல் அச்சகத்தார் 'புழுங்கு பேட்டரி' என்று அடித்திருக்கிறார்கள். இருநூறு பிரதி எடுக்கும் முன் பார்த்துவிட்டேன்.


கோவையிலிருந்து, சனி மாலை

பெட்டிக்குக் காற்று போக ஓட்டை வைத்தீர்களா? ஆசிட் பேட்டரி, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். மூடிப் போட்டு அடைத்திருந்தால் அச்சகத்தார் அடித்ததே சரியான பெயர்.


கரூரிலிருந்து, சனி இரவு

இரண்டு ஓட்டை போட்டாகிவிட்டது அண்ணா, மேலே ஒன்று, கீழே ஒன்று. பையனே போட்டான். இந்த ஓட்டைக்கு என்ன சார் பேரு என்று கேட்டான். நான் குழுமத்துக்கு எழுதவில்லை.